நாலாம் நம்பர் சிஸ்டம் அக்கா

தாம்பரத்தில் நான் வேலை பார்த்த பிரவுசிங் சென்டருக்கு அந்த அக்கா தினமும் மதியம் வருவார். நாலாம் நம்பர் சிஸ்டத்தில் உட்கார்ந்ததும் முந்தானையால் கீபோர்டைத் துடைப்பார். டிவி சீரியலில் செத்துப்போன மருமகளைப் பிழைக்கவைத்து, மீதிக் கதையை ரசிகர்கள் குழுவில் எழுதிவந்தார்.

அதைக் கிண்டலடித்து நானும் அந்தக் குழுவில் வேறு பேரில் ஒன்று எழுதிப் போட்டேன். அதில் மருமகள் குன்றத்தூர் பஸ்ஸில் அடிபட்டு மறுபடி சாகிறாள். குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். பேர் போடாமல் அவருக்கே மெயிலிலும் அனுப்பினேன்.

படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "எவனோ நல்லா ஓட்டிக்கீறான் தம்பி. நானே சிரிச்சிட்டேன். அவங்களுக்குள்ள சிரிச்சிக்கினு போவட்டும். அவ செத்தத எனக்கு எதுக்கு அனுப்பணும்?"

"தெரியலக்கா" என்றேன்.

அன்று அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. அப்புறம் வரவும் இல்லை. அவர் கதையில் அந்த மருமகள் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிவிட்டாள். இன்னும் வீடு போய்ச் சேரவில்லை.