மல்லிகாவின் டாக்சியில் ஏற ஒன்பது நாள் காத்திருந்தேன்

இந்த வலைப்பூவில் இதுவரை நான் எழுதியதெல்லாம் நந்தி மலை, தலக்காடு, ஒகேனக்கல் என்று காலையில் போய் மாலையில் திரும்பும் ஊர்கள்தான். கடல் தாண்டியது இதுவே முதல் முறை. சென்ற டிசம்பரில் ஒன்பது நாள் துபாயில் இருந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் மனைவி மல்லிகா அங்கே டாக்சி ஓட்டுகிறாள். அவளைத் திரும்ப அழைத்துக்கொண்டு வரப் போனேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வீடு ஆஸ்டின் டவுனில். பதினெட்டு வருடமாக எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனிகளுக்கு கேப் ஓட்டுகிறேன். மல்லிகா பிறந்து வளர்ந்தது பக்கத்துப் பேட்டையான நீலசந்திரா. ஆறு வருடம் முன்பு ஒரு மாலில் துப்புரவு வேலைக்காகத் துபாய் போனாள். மூன்று வருடம் கழித்து ஒருநாள் போன் செய்து, டிரைவிங் டெஸ்டில் முதல் தடவையே பாஸாகிவிட்டேன், இனி டாக்சி ஓட்டப் போகிறேன் என்றாள். "நீயா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டேன். இங்கே இருந்தவரை ஸ்கூட்டர் சாவியைக்கூடத் தொடாதவள்.

ஜனவரியில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது, இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் டிக்கெட் போட்டேன். எங்கள் மகள் யாழினி அப்போது பத்தாம் வகுப்பு, அடுத்தது பி.யூ.சி. எனப்படும் பிளஸ் டூ. 'போதும், விட்டுவிட்டு வந்துவிடு' என்று நேரில் சொன்னால் கேட்பாள் என்பது என் கணக்கு. யாழினியை என் அக்கா வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

மெஜஸ்டிக் பஸ் நிலையம் வரை ஆட்டோ 160 ரூபாய். அங்கிருந்து விமான நிலையத்துக்கு ஏசி பஸ் 300 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். போக வர விமானக் கட்டணம் 19,400. முப்பது நாள் சுற்றுலா விசா 6,800. காலை 10.20-க்குக் கிளம்பிய விமானம் நான்கு மணி நேரம் பறந்து, அந்த ஊர் நேரப்படி 12.50-க்கு இறங்கியது. அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால்.

இறங்குவதற்கு முன் ஜன்னலில் பார்த்ததை எப்படி எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மணல். மரம் இல்லை, ஏரி இல்லை. அந்த மணல் முடிகிற இடத்தில், யாரோ நேற்று கொண்டுவந்து நட்டுவைத்த மாதிரி கட்டடங்கள். தண்ணீரே இல்லாத இடத்தில் இத்தனை பேர் எப்படிக் குடியிருக்கிறார்கள் என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தார்.

மல்லிகா என்னை அழைக்க வரவில்லை. அவள் ஓட்டுவது பெண்களுக்கும் குடும்பங்களுக்குமான டாக்சி. தனியாக வரும் ஆண் அதில் ஏற முடியாது, டிரைவரின் புருஷனாக இருந்தாலும். "ரூல்ஸ்னா ரூல்ஸுதாங்க. மெட்ரோல வந்துடுங்க, சாயந்தரம் டூட்டி முடிச்சு வரேன்" என்று போனில் சொல்லிவிட்டாள். 25 திர்ஹாம் கொடுத்துப் பயண அட்டை வாங்கினேன். அதில் 19 திர்ஹாம் பயணத்துக்கு. (நான் மாற்றியபோது ஒரு திர்ஹாம் 24 ரூபாய் சொச்சம்.) கராமா என்ற பகுதியில் என் சித்தப்பா மகன் சேகர், அவன் மனைவி உஷா வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. அதுவரை மெட்ரோ கட்டணம் ஐந்து திர்ஹாம்.

ரயிலின் முன் பெட்டியில் போய் நின்றேன். டிரைவர் எப்படி ஓட்டுகிறார் என்று பார்ப்பது என் பழக்கம். அங்கே டிரைவர் இல்லை. டிரைவருக்கு அறையே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தண்டவாளம் மட்டும் ஓடி வந்துகொண்டிருந்தது. கீழே நெடுஞ்சாலை, போக ஆறு தடம், வர ஆறு தடம். அத்தனை வண்டி போகிறது, ஒருவரும் குறுக்கே புகவில்லை. சில்க் போர்டு நெரிசலில் பாதி ஆயுளைக் கழித்தவனுக்கு அது ஏதோ வேற்றுக் கிரகமாகத் தெரிந்தது.

மாலை ஏழு மணிக்கு மல்லிகா வந்தாள். சீருடை, தலையில் இளஞ்சிவப்பு ஸ்கார்ஃப். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். "ஏங்க, எளச்சிட்டீங்க" என்றாள். ஊரில் கிளம்பும்போது இரண்டு கிலோ ஏறியிருந்தேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்து படகுத்துறைக்கு அழைத்துப் போனாள். ஒரு திர்ஹாம் கொடுத்தால் மரப்படகில் அக்கரை போகலாம், ஐந்தாறு நிமிடம். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை நாடு என்று எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். படகுக்காரர் பெஷாவர்க்காரர். மல்லிகா அவரிடம் உருதுவில் பேரம் பேசுவது போலச் சண்டை போட்டுச் சிரித்தாள். பக்கத்தில் மங்களூர்ப் பெண் ஒருத்தி. அவளிடம் கன்னடம். எதிரே இருந்த கென்யா நாட்டுப் பெண் மல்லிகாவை உற்றுப் பார்த்து, கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். அவள் இந்த ஊருக்கு வந்த முதல் நாள் மல்லிகாவின் டாக்சியில்தான் வந்தாளாம். பயந்துபோய் அழுதவளுக்கு வழியில் நிறுத்திச் சாயா வாங்கிக் கொடுத்தாளாம்.

"இத்தன பாஷ எப்பக் கத்துக்கின?"

"புதுசா எங்கக் கத்துக்கினேன்? எங்க தெருவுல பேசினதுதான். நீலசந்திரா உருதுதான் இங்க சோறு போடுது" என்றாள்.

நான்காம் நாள் அவள் தங்கியிருக்கும் கம்பெனி விடுதிக்குப் போனேன். ஓர் அறைக்கு நான்கு பெண்கள். ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை, எதிரே இருக்கும் டீக்கடையில்தான் உட்கார வேண்டும். மல்லிகா வண்டியை ஒப்படைத்துவிட்டு வரும்வரை அவள் அறைத்தோழி ஜோசி எனக்குத் துணையாக உட்கார்ந்தாள். பிலிப்பைன்ஸ்காரி, அவளும் டாக்சிதான் ஓட்டுகிறாள். பேச்சுவாக்கில், "சிஸ்டர் வெரி ஸ்ட்ராங். ஃபைவ் டைம் ஃபெயில். ஈவ்ரி டைம் க்ரை. நெக்ஸ்ட் டே அகெய்ன் கோ. சிக்ஸ் டைம் பாஸ்!" என்று ஆறு விரலைக் காட்டினாள். கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் அவளுக்கு வார விடுமுறை. ஹத்தா என்ற மலையூருக்குப் பஸ்ஸில் போனோம். 25 திர்ஹாம், சுமார் 130 கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குள். இந்தப் பயணத்தை யாரும் தவற விடாதீர்கள். ஊர் முடிந்ததும் இருபுறமும் செம்மண் நிறத்தில் மணல்மேடுகள் எழுகின்றன. காற்று அவற்றின் மேல் கோடு போட்டபடியே இருக்கிறது. தூரத்தில் ஒட்டகங்கள். ஓட்டிப் பழகிய நாங்கள் இரண்டு பேரும் பயணிகளாகப் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

"ஜோசி சொன்னாங்க. அஞ்சு தடவ ஃபெயிலாமே" என்றேன்.

ஜன்னலைப் பார்த்தபடியே "ஆமா" என்றாள். "மூணு தடவ ரவுண்டானாலயே போச்சு. யாருக்கு மொதல்ல வழி வுடணும்னு புரியல. நம்மூர்ல யாரு யாருக்கு வழி வுடுறோம்?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா, 'போதும், வுட்டுட்டு வந்துடு'ன்னு சொல்லியிருப்பீங்க. நானும் வந்துருப்பேன்."

நான் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்த அதே வாக்கியம். உண்மையைச் சொல்லிவிட்டேன். "உன்னக் கூட்டினு போகத்தான் வந்தேன்."

"டிக்கெட் போட்டப்பவே தெரியும்."

"யாழினி உன்னத் தேடறா, மல்லி."

"நான் அவளத் தேடலையா?" என்று என் பக்கம் திரும்பினாள். "அவ பெரியவளானப்ப வீடியோ கால்லதான் பாத்தேன். வண்டிய ஓரங்கட்டி, பத்து நிமிஷம். அப்புறம் அடுத்த பேசஞ்சர்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவ பி.யூ.சி. முடிக்கட்டும். ரெண்டு வருஷம். அப்புறம் வந்துடறேன். வந்தா சும்மா வூட்ல உக்கார மாட்டேன். நம்மூர்லயும் வண்டி ஓட்டுவேன்."

ஹத்தாவில் அணையைப் பார்த்தோம், மலையைப் பார்த்தோம்.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு, என்னை வழியனுப்ப சேகர், உஷா, அவர்களுடைய குழந்தை எல்லோரும் கிளம்பினார்கள். குடும்பமாகப் போகிறோம், ஆகவே பெண்கள் டாக்சி கூப்பிடலாம். உஷா ஏற்கெனவே மல்லிகாவிடம் பேசி, அவள் வண்டியையே வரவைத்திருந்தாள். "மாமா, நீங்க முன்னாடி உக்காருங்க" என்றாள்.

மல்லிகா மீட்டரைப் போட்டாள். "சீட் பெல்ட் போடுங்க சார்" என்றாள் சிரிக்காமல்.

முதல் இரண்டு சிக்னல் வரை, இல்லாத பிரேக்கை என் வலது கால் அழுத்திக்கொண்டே இருந்தது. பிறகு தானாக நின்றுவிட்டது. அவள் மூன்று கண்ணாடியையும் பார்த்து, சைகை விளக்குப் போட்டு, ஆறு தடத்துப் பெருஞ்சாலையில் தண்ணீரில் ஒரு சொட்டுப் பால் விழுவது போலக் கலந்தாள். ஒரு ரவுண்டானா வந்தது. நின்றாள், வழி விட்டாள், தன் முறை வந்ததும் போனாள். இருபுறமும் வானத்தை மறைத்துக்கொண்டு கோபுரங்கள் நகர்ந்தன. நான் கோபுரங்களைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கில் இருந்த கைகளைத்தான் பார்த்தேன். பதினெட்டு வருடத்தில் நான் ஒருநாளும் அவ்வளவு அமைதியாக ஓட்டியதில்லை.

விமான நிலைய வாசலில் வண்டியை அதிக நேரம் நிறுத்த முடியாது. மீட்டர் 29 திர்ஹாம் காட்டியது, கொடுத்தேன். ரசீதை நீட்டினாள். காவலர் நகரச் சொல்லிக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

"காண்ட்ராக்ட்ல கையெழுத்துப் போட்டுடு" என்றேன்.

ஒரு நொடி என்னைப் பார்த்தாள். "சாப்ட்டுட்டுப் ப்ளேன் ஏறுங்க" என்றாள். விளக்குப் போட்டாள், போய்விட்டாள்.

என்னைப் போலக் குடும்பத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். டிசம்பரில் போங்கள், பகலில் நடக்க முடிகிறது. பயண அட்டையை வாங்கியதுமே கூடுதலாகப் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள், பஸ்ஸிலும் அதுதான். விடுதி விதிகளை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உலகிலேயே உயரமான கட்டடத்தைக் கீழே நின்று பார்க்கக் காசில்லை, அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. எல்லாவற்றையும்விட, உங்கள் ஆள் வேலை செய்யும் இடத்தில், வேலை செய்யும் நேரத்தில் ஒருமுறை அவர்களைப் பாருங்கள். போனில் ஆறு வருடம் பேசியும் எனக்குத் தெரியாதது அவள் டாக்சியில் போன அந்த இருபது நிமிடத்தில் தெரிந்தது.

இந்த மே மாதம் யாழினியின் பி.யூ.சி. விண்ணப்பத்தை நிரப்பினோம். அப்பா தொழில் என்ற இடத்தில் டிரைவர் என்று எழுதினாள். அம்மா தொழில் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அதேதான் எழுதும்மா" என்றேன்.

"அதே இல்லப்பா. அம்மா இன்டர்நேஷனல்" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினாள்.