பிக்கப்பின் அடியில் இருந்த பித்தளை வால்வு

உள்ளங்கை நீளமுள்ள ஒரு பித்தளைக் கைப்பிடி. அதைப் பற்றி எழுத உட்கார்ந்ததுமே விரல்களில் ஒரு பிசுபிசுப்பு ஏறிவிட்டது. எழுந்து போய்ச் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்துதான் இதைத் தொடர்கிறேன்.

தேயிலைத் தோட்டத்தில் பழைய வாகனங்களைக் கழித்து விற்றபோது அந்தப் பிக்கப்பை வாங்கினேன். கந்தப்பளையிலிருந்து நுவரெலியா சந்தைக்கு லீக்ஸும் கரட்டும் ஏற்ற அது போதுமாக இருந்தது. அம்மாவின் அண்ணன், எங்கள் டிரைவர் மாமா, ஓய்வு பெறும்வரை ஓட்டிய வண்டி அது. அதனால் அதன்மேல் எனக்கு ஒரு மரியாதையும் இருந்தது. துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கலாம் என்று ஒரு நாள் அடியில் படுத்தபோதுதான் எந்த வண்டியிலும் பார்த்திராத சாமான்கள் சில கண்ணில் பட்டன. பின்தட்டில் பிறை போல வளைத்த இரண்டு ஜோடி இரும்புத் தாங்கிகள் இருப்பது முன்பே தெரியும். அவற்றுக்குக் கீழே தட்டைத் துளைத்துக்கொண்டு இரண்டு செம்புக் குழாய்கள் இறங்கின. இரண்டும் அந்தக் கைப்பிடி வைத்த ஒரு பித்தளை வால்வில் போய்ச் சேர்ந்தன. அந்த வால்விலிருந்து ஒரே ஒரு குழாய் பின்பக்கம் ஓடி, தண்ணீர் திறந்து மூடும் ஒரு திருகு பைப்பில் முடிந்தது. எல்லாவற்றின் மேலும் மண்ணும் எண்ணெயும் சேர்ந்து இறுகிய கறுப்பு அழுக்கு.

அந்த வருடம் பங்குனி வரை மழை இல்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு ஊற்றுத் தண்ணீர் கொண்டுவரும் பீலி சொட்டிச் சொட்டி நின்றுவிட்டது. தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, ஒங்க வண்டியில தாங்கி இருக்கு, பைப்பும் இருக்கு. டாங்கிய தூக்கி வச்சா வேல முடிஞ்சது. ஞாயித்துக்கெழம தண்ணி எறக்கிருவோம், என்னா?"

நான் யாரிடமும் மறுத்துப் பேசிப் பழகாதவன். தலையை ஆட்டினேன். ஆனால் என்னவென்றே தெரியாத ஒரு சாமான் வழியாக நாற்பது வீடு தண்ணீர் குடிப்பதை நினைத்தால் மனம் ஒப்பவில்லை. வெள்ளிக்கிழமை வண்டியை நுவரெலியாவில் எல்லோரும் பாஸ் என்று கூப்பிடுகிறவரிடம் கொண்டுபோனேன். சிங்களவர், வளைந்த தமிழில் பேசும் நல்ல மெக்கானிக். என்னை மல்லி, அதாவது தம்பி, என்றுதான் கூப்பிடுவார்.

"இது கம்பனி சாமான் இல்ல மல்லி. எவனோ மூளக்காரன் வெல்ட் பண்ணி வச்சது," என்று அடியிலிருந்தே சிரித்தார். பிறகு வால்வின் மூடியைத் தட்டிக் கழற்றினார். சிரிப்பு நின்றது. ஒரு வழியில் டாங்கியிலிருந்து இறங்கிய வெறும் துரு. மற்ற வழியில் நீலமும் பச்சையுமாக ஏதோ காய்ந்து, புண்ணின் பொருக்குப் போல ஒட்டியிருந்தது. மோந்து பார்த்துவிட்டுத் துப்பினார். நானும் மோந்தேன். புல்லுக்கு மருந்து அடிக்கும் வேலையில் இரண்டு வருடம் இருந்தவன் நான். சட்டையில் ஏறி, சோற்றில் ஏறி, தலையணை வரைக்கும் வந்த அந்த நாற்றத்தை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

"ரெண்டு டாங்கி மல்லி. கைப்பிடி இந்தப் பக்கம் போனா அது, அந்தப் பக்கம் போனா இது. ஆனா வாய் ஒண்ணு." சேஸிஸோடு ஒட்டியிருப்பதால் காஸ் வைத்துத்தான் வெட்ட வேண்டும் என்றும், திங்கட்கிழமை வரும்படியும் சொல்லி மூடியைத் திரும்ப முடுக்கிவிட்டார்.

அன்று மாலையே மாமாவிடம் போனேன். அடுப்பருகில் கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தார். வால்வைச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

"அது என் வேலடா மருமவனே! ஸ்டோர்ல கழிச்சுப் போட்ட வால்வு. காலையில மலைக்கு மருந்துத் தண்ணி, மத்தியானம் லயத்துக்குக் குடிதண்ணி. ரெண்டுக்கும் ஒரே பைப்பு. தோட்டத்துத் தொரையே எறங்கி வந்து கைகுடுத்தாரு தெரியுமா?"

"நடுவுல கழுவுவீங்களா மாமா?"

"அத என்னாத்துக்குக் கழுவுறது? மொதல்ல வர்ற தண்ணியில அதுவா போயிரும்."

நான் சிறுவனாக இருந்தபோது, பீலி வற்றுகிற வருடங்களில் அந்த வண்டிதான் எங்களுக்குத் தண்ணீர் கொண்டு வரும். வந்து நின்றதும் மாமா இறங்கி, "தங்கச்சி, வாளியக் கொண்டா" என்று எல்லோருக்கும் முன்னால் அம்மாவைத்தான் கூப்பிடுவார். டிரைவரின் தங்கை என்பதால் முதல் வாளி எங்களுக்கு. அதில் எங்களுக்கு எவ்வளவு பெருமை! வாயெல்லாம் புண்ணாகி, வெறும் கஞ்சி குடித்துக்கொண்டு, அப்போதும் வரிசையில் முதலாவதாக நின்ற அம்மாவை நினைத்தேன்.

அதைச் சொன்னேன். மாமா ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினார். பிறகு, "யாரு செத்தா இப்ப? எருமை மாதிரி நிக்கிறியே, நீயுந்தான் குடிச்ச," என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "தலைவர்கிட்ட அந்தப் பைப்பு வேணாம்னு நானே சொல்லிக்கிறேன். ஒங்கம்மாகிட்ட மட்டும் ஓதிறாத."

நம்பினேன். கூட்டத்தின் முன்னால் பேசுகிற வேலை எனக்கில்லை என்ற நிம்மதி அந்த நம்பிக்கைக்குள் இருந்தது. என் மீதும் எனக்கு வரும் அருவருப்பு அதனால்தான்.

ஞாயிறு காலை, அந்தப் பைப்பைத் தொடாமல் தண்ணீர் இறக்குவதற்குப் புதுப் பீப்பாயும் ஹோஸும் வாங்க டவுனுக்கு பஸ்ஸில் போனேன். திரும்பி வந்தபோது லயத்து முன்னால் பிக்கப் நின்றது. வாசல் ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்துப் போய், டாங்கியை ஏற்றி நிரப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். ஓட்டியவர் மாமா. தலைவர் அவருக்கு ஒரு மாலையும் போட்டிருந்தார். வாளிகளின் வரிசை கோயில் வரைக்கும் நீண்டிருந்தது.

"மொத வாளி என் தங்கச்சிக்கு. எப்பவும் போல," என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா வெட்கத்தோடு வாளியை வைத்தார். மாமா குனிந்து வால்வின் கைப்பிடியைத் திருப்பினார். என்னைப் பார்த்துக்கொண்டேதான் திருப்பினார். பைப் இருமிக்கொண்டு கலங்கலாகக் கொட்டியது. சொல்ல வாய் வரவில்லை, கால்தான் போனது. வாளியை எட்டி உதைத்தேன்.

"பைத்தியமாடா ஒனக்கு?" என்று அம்மா கத்தினார். பின்னாலிருந்து ஒருத்தி, "லீக்ஸ் முதலாளிக்குத் திமிரு வந்திருச்சு டோய்!" என்றாள்.

அப்புறம் சொன்னேன். திக்கித் திக்கி, தரையைப் பார்த்து, வால்வு, மருந்து, முதல் தண்ணீர், எல்லாம் சொன்னேன். தலைவர் குனிந்து, ஈர மண்ணைக் கிள்ளி மோந்துவிட்டு, பைப்பை மூடினார். அம்மா மட்டும் மாமாவிடம் போனார்.

"அண்ணே, ஆஸ்பத்திரியில மருந்து குடுக்குற அந்த டிஸ்பென்சரு என்னயப் பாத்து, 'ஒஞ் சட்டி பான ஊத்தைதான் வாய்ப்புண்ணுக்குக் காரணம், மூதேவி'ன்னு எல்லார் முன்னுக்கும் ஏசுனாரே. வண்டியில கூட்டிட்டுப் போன நீ பக்கத்துலதானே நின்ன?"

மாமா மாலையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தார். "எனக்கு அப்ப தோணல தங்கச்சி," என்றார். அவருக்குத் தோன்றியிருந்தது என்றே இன்றும் நினைக்கிறேன்.

திங்கட்கிழமை பாஸ் அந்த வால்வை வெட்டி எடுத்தார். மறு வருடம் மாமா படுக்கையில் விழுந்தார். "நல்ல மனுசன், லயத்துக்கே தண்ணி குடுத்தவரு" என்று வந்தவர்கள் சொல்லிப் போனார்கள். கடைசி நாட்களில் ஒரு மாலை, அவர் அம்மாவிடம் சைகையால் தண்ணீர் கேட்டார். அம்மா டம்ளரைக் கழுவினார். மறுபடியும் கழுவினார். தண்ணீரை ஊற்றி, அவர் பார்க்கும்படி தான் ஒரு வாய் குடித்து, சற்று நேரம் காத்திருந்து, பிறகு அவர் வாயில் வைத்தார்.

மாமா கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வெளியே வந்துவிட்டேன்.