கிளாடிஸ் டீச்சரின் வெள்ளிக்கிழமை வாக்கியங்கள்

கிளாடிஸைப் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பயந்தவள்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. பஸ் கொஞ்சம் பிந்தினால் அவளுக்கு முகம் சுண்டிப்போகும். ஒரு பிள்ளை இருமினால் ஓடிப் போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். தலைமையாசிரியர் தொண்டையைக் கனைத்தால், நாம் என்ன தப்புப் பண்ணினோம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவாள். ஆனால் பயந்துகொண்டே ஒரு காரியத்தை விடாமல் செய்தவள் அவள். பயமே இல்லாத மகராசிகள் எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன், ஒருத்தியும் ஒரு துரும்பை எடுத்துப் போட்டதில்லை.

நான் சீனித்தாய். அவள் வேலை பார்த்த அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு எனக்கு, மூன்றாம் வகுப்பு அவளுக்கு. நடுவில் ஓர் ஓலைத் தட்டிதான் சுவர். அவள் பெருமூச்சு விட்டால்கூட இந்தப் பக்கம் கேட்கும். வேம்பாருக்குத் தெற்கே கடற்கரைச் சாலையில் உள்ள ஊர். பெயர் வேண்டாம், அங்கே எனக்கு வேண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்குச் சொந்த ஊர் ஓட்டப்பிடாரம், அவளுக்கு நாசரேத். இரண்டு பேருமே கரைக்கு வந்து குடியேறியவர்கள்தான். அவள் கோயிலுக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துத் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தாள்.

அந்தப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரையில் வலை இழுக்கும்போது கேட்டால் வாய் ஓயாது. காற்றைப் பற்றியும் மீனைப் பற்றியும் பெரியவர்களுக்குச் சமமாகப் பேசும். பள்ளிக்குள் நுழைந்து புத்தகத்தைத் திறந்ததும் வாயில் பூட்டு விழுந்துவிடும். புத்தகத்தில் இருப்பது நம்முடைய பேச்சு இல்லை என்று அதுகளே முடிவு கட்டிவிட்டிருந்தன. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்கள் கேள்வி கேட்பார்கள், இதுகள் கால் கட்டைவிரலால் தரையைக் கிளறிக்கொண்டு நிற்கும்.

அதற்குத்தான் கிளாடிஸ் வாரச் சொல் என்று ஒன்றை ஆரம்பித்தாள். பிச்சையா அண்ணாச்சி கடையில் சீனி மடித்துத் தருகிற பழைய பேப்பரை எடுத்து வந்து, சீனியை டப்பாவில் கொட்டிவிட்டு, தாளை நீவி விட்டு வாசிப்பாள். அதில் ஒரு சொல்லைப் பிடிப்பாள். திங்கட்கிழமை அதைப் பலகையில் மஞ்சள் சாக்பீசில் எழுதுவாள். இரண்டு நாள் அந்தச் சொல்லைப் போட்டுப் புரட்டுவார்கள். அதற்கு எதிர்ச்சொல் என்ன, யார் வாயில் அது வரும், எந்த இடத்தில் வரும் என்று. வியாழக்கிழமை பிள்ளைகள் வரிசையாக வந்து, அந்தச் சொல்லை வைத்து ஆளுக்கொரு வாக்கியத்தை அவள் காதில் சொல்ல வேண்டும். தப்பு இருந்தால் காதோடு காதாகத் திருத்திவிடுவாள், பிள்ளைக்கு வெட்கம் வராது. வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் எழுந்து நின்று உரக்கச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தாள். வாக்கியம் உங்கள் வீட்டில் நடந்ததாக இருக்க வேண்டும், உண்மையாக இருக்க வேண்டும்.

அந்தச் சட்டம்தான் பூட்டைத் திறந்தது. ‘நிதானம்’ என்று ஒரு வாரம் போட்டாள். ரோச் என்ற பயல் எழுந்து, “எங்க சித்தப்பா குடிச்சா நிதானம் இருக்காது, குடிக்கலேன்னாலும் இருக்காது” என்றான். தட்டிக்கு இந்தப் பக்கம் என் பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தன. மரியசெல்வி என்று ஒரு சிறுமி, என் வகுப்பில் இருந்த வருடம் முழுக்க ஒரு வார்த்தை பேசாதவள், ‘மிச்சம்’ வந்த வாரம் எழுந்து, “எங்க வீட்டுல நேத்து மிச்சம் இல்ல” என்றாள். கிளாடிஸ் தட்டியைச் சுற்றி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “பேசிட்டா, சீனி! முழு வாக்கியம் பேசிட்டா!” அதற்குப் பிறகு மரியசெல்வியை நிறுத்த முடியவில்லை. வகுப்பிலேயே கெட்டிக்காரி ஆகிவிட்டாள்.

எழுபத்தாறாம் வருடம் வந்தது. எமர்ஜென்சி காலம். சீனி மடித்த தாளில் எங்கே பார்த்தாலும் பதுக்கல், பதுக்கல்காரர், பதுக்கிய மூட்டை என்றே இருந்தது. ஒரு திங்கட்கிழமை கிளாடிஸ் பலகையில் ‘பதுக்கு’ என்று எழுதிவிட்டாள். அவள் அரிசி, சீனியை நினைத்துத்தான் எழுதியிருக்கிறாள். அட பாவி மகளே, இது கடற்கரை அல்லவா? இலங்கையிலிருந்து தோணியில் கள்ளத்தனமாகக் கிராம்பு மூட்டை வந்து இறங்குகிற கரை. ஊருக்குள் நாலு வீட்டில் அந்தத் தொழில் உண்டு என்று எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். பக்கத்து ஊரில் ஏற்கெனவே இரண்டு பேரை விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கிற மிசா சட்டத்தில் கொண்டுபோயிருந்தார்கள். போனவர்கள் எப்போது வருவார்கள் என்று கேட்கக்கூட ஆள் இல்லாத நேரம்.

வியாழக்கிழமை காதில் சொல்கிற வேளை முடிந்ததும் கிளாடிஸ் தட்டியைச் சுற்றி வந்தாள். உதடு வெளுத்திருந்தது.

“என்னளா, பேயடிச்ச மாதிரி வார?”

“சீனி, மரியசெல்வி சொல்லுதா... அவ அப்பா கிராம்பு மூட்டைய கருவாட்டுக் குடிசையில பதுக்கி வச்சிருக்காராம்.”

 மரியசெல்வியின் அப்பா பெயர் சிலுவை, தோணிக்குப் போகிறவர். அதிர்ந்து பேச மாட்டார்.

“நீ என்ன சொன்ன?”

“வாக்கியம் சரியா இருக்குன்னு சொல்லிட்டேன். வாயில அதுதான் வந்துது.”

“கிழிஞ்சுது போ. நாளைக்கு எல்லாப் பிள்ளைக முன்னாலயும் சொல்லுவாளே! சாயங்காலத்துக்குள்ள ஊரு பூரா பரவிரும். கூப்பிட்டு வேற வாக்கியம் சொல்லச் சொல்லு.”

“உண்மைய மட்டும்தான் சொல்லணும்னு நாந்தான சொன்னேன்? இப்ப நானே பொய் சொல்லுன்னா, அந்தப் பிள்ள என்னைய என்னன்னு நெனைக்கும்?”

“நல்லா நெனைக்கும். அப்பன் உள்ள போனா என்ன நெனைக்கும்னு யோசிச்சியா?”

 சாயங்காலம் கிளாடிஸ் மரியசெல்வியின் வீட்டுக்குப் போனாள். தாய் அமலோற்பவத்திடம் ஜாடையாகவாவது சொல்லிவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். வாசலிலேயே கருவாட்டு நாற்றத்தோடு கிராம்பு வாசனையும் அடித்ததாம். அமலோற்பவம் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, கருப்பட்டிக் காப்பி கொடுத்து, “டீச்சர், ஊமக்கோட்டானா கெடந்தவ இப்ப வாய் மூட மாட்டேங்கா, நீங்க நல்லா இருக்கணும்” என்று கையெடுத்துக் கும்பிட்டாளாம். அந்த வாயிடம் போய், உன் மகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் டீச்சருக்குத் தெரிந்துவிட்டது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். நாளைக்கு எவனாவது காட்டிக்கொடுத்தால் பழி இவள் தலையில் விழும். காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் அன்று அவளோடு பேசவே இல்லை.

மறுநாள் வந்ததும் முதல் வேலையாகப் பலகையிலிருந்து அந்தச் சொல்லை அழித்தாள். “இன்னைக்கு வாக்கியம் கெடையாது, கணக்கு” என்று சொன்னாள். பிள்ளைகள் முணுமுணுத்தன. சரி, தப்பித்தோம் என்று நான் மூச்சு விட்டேன். அப்போதுதான் வாசலில் ஜீப் சத்தம் கேட்டது.

பள்ளிகளைப் பார்வையிடுகிற டிப்டி இன்ஸ்பெக்டர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். வேம்பாரில் பஸ் கிடைக்காமல் நின்றவரை ஒரு ஜீப் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறது. கஸ்டம்ஸ் ஜீப். ஏற்றிக்கொண்டு வந்த அதிகாரியும் தண்ணீர் குடிக்கலாம் என்று கூடவே உள்ளே வந்தார். கிளாடிஸ் அந்தக் காக்கிச் சட்டையைப் பார்த்தாள். மேசையை இறுகப் பிடித்துக்கொண்டாள். 

எங்கள் தலைமையாசிரியர் தேவபிரசாதம் நல்ல மனுசன், ஆனால் வந்தவர்களிடம் பீற்றிக்கொள்ளாவிட்டால் சோறு இறங்காது. “சார், எங்க ஸ்கூல்ல வாரச் சொல்லுன்னு ஒண்ணு நடத்துதோம். மூணாங்கிளாசுல வந்து பாருங்க” என்று இரண்டு பேரையும் நேராக அங்கேயே கூட்டி வந்தார்.

“இன்னைக்குக் கணக்கு, சார்” என்றாள் கிளாடிஸ். 

“கணக்கு எங்க ஓடிப் போகுது? பிள்ளைகளா, இந்த வாரம் என்ன சொல்லு?” என்று கேட்டார் தேவபிரசாதம்.

“பதுக்கு!” என்று அத்தனையும் ஒரே குரலில் கத்தின.

கஸ்டம்ஸ்காரர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “பலே! நமக்கு ஏத்த சொல்லுதான். யாரு வீட்டுல என்ன பதுக்கி வச்சிருக்காங்கன்னு கேப்போமே.” விளையாட்டாகத்தான் சொன்னார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தும்விட்டார். நான் என் வகுப்பை விட்டுவிட்டுத் தட்டி ஓரத்தில் வந்து நின்றேன்.

முதலில் ரோச் எழுந்தான். “எங்க அண்ணன் பீடிக்கட்ட கூரையில பதுக்கி வச்சான், எங்க அம்மா அத எடுத்து அடுப்புல பதுக்கி வச்சா.” எல்லாரும் சிரித்தார்கள். டிப்டி தொடையில் தட்டினார். தேவபிரசாதத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“இது என்ன சார், எங்க கெட்டிக்காரி சொல்லுவா கேளுங்க. மரியசெல்வி, எந்திரி.”

மரியசெல்வி எழுந்தாள். பாவாடையை நீவி விட்டுக்கொண்டாள். பெரியவர்கள் முன்னால் பேசப்போகிற பெருமை முகத்தில் தெரிந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு, “எங்க வீட்டுல...” என்று ஆரம்பித்தாள்.

“உக்காரு!”

கிளாடிஸ் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. பள்ளி முழுக்க அடங்கிவிட்டது. பிள்ளை உட்காராமல் விழித்துக்கொண்டு நின்றாள்.

“இவளுக்கு ஒண்ணும் தெரியாது, சார். ஒரு வாரமாச் சொல்லிக் குடுத்தும் மண்டையில ஏறல. மக்கு. ஒக்காருன்னு சொன்னேம்லா!”

மக்கு என்ற வார்த்தையை அவள் வகுப்பில் யாரும் சொல்லக் கூடாது. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைச் சொன்னால்கூட மன்னிப்புக் கேட்க வைப்பாள். மரியசெல்வி மெதுவாக உட்கார்ந்தாள். கஸ்டம்ஸ்காரர் சங்கடத்தோடு எழுந்து வெளியே போனார். டிப்டி, “பிள்ளைகள இப்பிடித் திட்டுனா எப்பிடிம்மா வாயத் திறக்கும்?” என்று கேட்டுவிட்டு, அதையே ரிப்போர்ட்டிலும் எழுதிவிட்டுப் போனார். தேவபிரசாதம் கிளாடிஸை முறைத்த முறைப்பில் வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள். அவளோ ஜீப் சத்தம் தேய்ந்து மறைகிறவரை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கோ அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஒரு மனுசனைக் காப்பாற்றிவிட்டாளே!

பள்ளி விட்டதும் பிள்ளைகள் ஓடிவிட்டன. மரியசெல்வி மட்டும் உட்காரும் பலகையிலேயே அழுதுகொண்டு இருந்தாள். கிளாடிஸ் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

“நீ மக்கு இல்லம்மா. அது பொய். நீ அத மட்டும் சொல்லிரக் கூடாதுன்னுதான்...”

“எத டீச்சர்?”

“நேத்து காதுல சொன்னத.”

மரியசெல்வி நிமிர்ந்து பார்த்தாள். அழுகை நின்று கோபம் வந்திருந்தது. “அதப் போயி எல்லாரு முன்னாலயும் யாராவது சொல்லுவாகளா? ஒங்க காதுலங்கதுனாலதான சொன்னேன். எங்க வீட்டுல அம்மா எனக்குன்னு ஒரு முட்டையப் பதுக்கி வச்சாங்க, தம்பிக்குத் தெரியாம. அதத்தான் சொல்ல வந்தேன். அதுவும் உண்மைதான், டீச்சர்.”

  எது யாரிடம் சொல்கிற பேச்சு, எது வீட்டோடு இருக்க வேண்டிய பேச்சு என்று அந்தக் கரையில் பிள்ளைகளுக்குத் தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். வெளியூரிலிருந்து போன நாங்கள் இரண்டு பேர்தான் அது தெரியாமல் ஒரு நாள் முழுக்கச் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறோம்.

“எனக்குப் பயமா இருந்துச்சும்மா” என்றாள் கிளாடிஸ்.

“பயமா இருந்தா எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா?”

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை கிளாடிஸ் வகுப்பு முழுவதன் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டாள். தேவபிரசாதம் வந்து என்ன விஷயம் என்று குடைந்தார். “அதச் சொல்ல மாட்டேன், சார்” என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள். பிறகு புதுச் சொல்லை எழுதினாள். எல்லாம் பழையபடி நடக்கும் என்றுதான் நானும் நினைத்தேன்.

வியாழக்கிழமை பிள்ளைகள் வரிசையாக வந்து காதில் சொல்லிவிட்டுப் போயின. மரியசெல்வியின் முறை வந்தது. கிளாடிஸ் குனிந்து காதைக் கொடுத்தாள். அவள் கிட்ட வரவில்லை. ஓரடி தள்ளி நின்று, எனக்கும் கேட்கிற மாதிரித் தெளிவாகச் சொன்னாள்.

“காதுல சொல்ல மாட்டேன், டீச்சர். நாளைக்கு எல்லாரு முன்னாலயும் சொல்லுதேன்.”

கிளாடிஸ் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தாள். பிறகு சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள். மறுநாள் மரியசெல்வி வாக்கியத்தை ஒரு பிழை இல்லாமல் சொன்னாள். அடுத்த வாரமும் சொன்னாள். மூன்றாம் வகுப்பு முடித்துப் போகிறவரை அந்தப் பிள்ளை கிளாடிஸின் காதருகே வரவே இல்லை.