பக்கம் திருப்பத் தெரிந்த பிள்ளை

“படிக்கிறது வேற, படிக்க வைக்கிறது வேற. உங்க வீட்ல நீங்கதான் மொதப் படிப்புன்னு சொல்றாக. மொதலாவதை முடிச்சிட்டீக, சரி. ரெண்டாவது நம்மளால ஆகுமா?”

நான் வேலையில் சேர்ந்த அன்று தலைமையாசிரியர் கேட்டது இது. மேசைமேல் வைத்திருந்த நியமன ஆணையை இன்னும் கொஞ்சம் அவர் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.

என் அப்பா கிணறு வெட்டப் போகிறவர். அம்மா களையெடுக்கப் போவார். ரேஷன் கடையில் இன்றைக்கும் இரண்டு பேரும் கைநாட்டுதான். வீட்டில் உட்காரவைத்துப் பாடம் சொல்லித்தர எனக்கு ஆள் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பும் ஆசிரியர் பயிற்சியும் நானே படித்து முடித்தேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு. இப்போதும் உண்டு. நடந்ததில் பாதி அந்தக் கர்வத்தால் வந்ததுதான்.

பள்ளிக்கூடம் நெற்குப்பைக்கும் கண்டரமாணிக்கத்துக்கும் நடுவில், பஸ்ஸை விட்டிறங்கி ஒன்றரை மைல் நடந்தால் வரும் சிறிய ஊரில் இருந்தது. ஐந்து வகுப்பு, இரண்டு அறை, இரண்டு ஆசிரியர். மூன்றாம் வகுப்பு வரை தலைமையாசிரியர், நான்கும் ஐந்தும் நான். அந்த முதல் நாளே அவர் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, “டீச்சருக்கு ஏரிப் பாடத்தை வாசிச்சுக் காமி” என்றார். எண்ணெய் வைத்து இறுகப் பின்னிய சடையோடு அவள் எழுந்து வந்தாள். புத்தகத்தை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, எங்கும் தடுக்காமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற வேண்டிய இடத்தில் குரலை ஏற்றி வாசித்தாள். பயிற்சிப் பள்ளியில் என்கூடப் படித்தவர்களில் இப்படி வாசிக்கத் தெரியாதவர்கள் இருந்தார்கள். “ஆய்வுக்கு யாரு வந்தாலும் இவதான்” என்றார் அவர்.

இரண்டாவது வாரம் ஆடிக்காற்று வந்தது. அவள் அதே பாடத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது சன்னல் வழியாக அடித்த காற்றில் அவள் கையிலிருந்த புத்தகம் ஏழெட்டுப் பக்கம் புரண்டுவிட்டது. கணக்குப்படி அங்கே வேறு பாடம். அவள் நிறுத்தவே இல்லை. கண் புத்தகத்தில் இருந்தது, வாய் ஏரியில் இருந்தது. பாடத்தின் பாதியில் ஒரு இடம் வந்ததும் வழக்கம்போல விரலை எச்சில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பவும் செய்தாள்.

மதியம் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, கடலை மடித்து வந்த ஒரு துண்டுத்தாளைக் காட்டி, “இதுல என்ன போட்டிருக்கு?” என்றேன். வெகுநேரம் பார்த்தாள்.

“இது எங்களுக்கு இன்னும் நடத்தலை டீச்சர்” என்றாள்.

அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவது என்றால் ஒருவர் வரியைச் சொல்வது, எல்லோரும் சேர்ந்து திருப்பிச் சொல்வது. நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் உட்காருகிறவர்கள். போன வருடம் பெரிய பிள்ளைகள் கத்தியதைக் கேட்டே இவள் ஐந்தாம் வகுப்புப் புத்தகம் முழுவதையும் காதால் படித்து முடித்திருந்தாள். எங்கே பக்கம் முடியும் என்பது வரைக்கும் மனப்பாடம். மற்றவர்களையும் பார்த்தேன். பதினான்கு பேரில் ஐந்து பேர்தான் புதிதாக எதைக் கொடுத்தாலும் வாசித்தார்கள்.

தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

“தெரியும்மா. இருபது வருசமா இங்கதான இருக்கேன். ஆனா ஒண்ணு கேளுங்க. வாசிக்கத் தெரியலைன்னு நீங்க வெளியில சொன்னா, பொம்பளப் புள்ளைகளை நாளைக்கே நிப்பாட்டிருவாக. தெரியும்னு சொன்னாத்தான் ஆறாவதுக்கு பஸ் ஏத்தி விடுவாக.”

“ஆறாவதுல போய் என்ன சார் செய்யும்?”

“அது அந்தப் பள்ளிக்கூடத்துக்காரன் பாடு.”

முந்தின வருடம் ஆறாம் வகுப்புக்குப் போன பெண்களில் மூன்று பேர் தீபாவளிக்குள் நின்றுவிட்டார்கள். ஒருத்தி சித்தாள் வேலைக்குப் போகும்போது வழியில் என்னைப் பார்த்து “வணக்கம் டீச்சர்” என்பாள். ஏரிப் பாடம் சொன்ன பெண்ணின் அம்மாவும் சித்தாள்தான். இரண்டு பேரும் ஒரே கட்டட வேலைக்குப் போனார்கள்.

காலை எட்டு மணிக்கே பள்ளிக்கு வர ஆரம்பித்தேன். வெளியூரில் பிழைக்கும் செட்டியார்களின் பெரிய வீடுகளில் கல்யாணம் முடிந்ததும் மிஞ்சிக் கிடக்கும் பத்திரிகைகள் நல்ல கனமான அட்டை. வாசல் காவல்காரர்களிடம் கேட்டு வாங்கி, பின்பக்கம் எழுத்தெழுதி வெட்டினேன். வாசிக்கத் தெரியாத ஒன்பது பேரும் வந்தார்கள். முதலில் அவளுக்குக் கோபம். வகுப்பிலேயே நன்றாக வாசிக்கிறவள் அவள். அவளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல ‘ப’ எழுத்தைத் தேடச் சொன்னால்? ஆனால் கார்த்திகை வாக்கில் ஒருநாள், என்னோடு ரோடு வரை வந்தவள் பஸ் போர்டைப் பார்த்து, “நெ… ற்… குப்… பை” என்று ஒவ்வொன்றாகக் கூட்டிச் சொல்லிவிட்டு, தானே திடுக்கிட்டதுபோல என்னைப் பார்த்தாள். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய் இரண்டு முறை சாப்பிட்டேன்.

தை மாதம் பள்ளி மேம்பாட்டு விழா. பொங்கலுக்கும் கல்யாணங்களுக்கும் ஊருக்கு வந்திருந்த பெரிய வீட்டுக்காரர்கள் பள்ளிக்குச் சாமான் வாங்கித் தந்தார்கள். இந்தப் பக்கத்தில் கல்யாணத்தன்று பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை எல்லோரும் பார்க்கும்படி பரப்பி வைப்பது வழக்கம். பள்ளிக்கூடத்துக்கும் அப்படியே செய்தார்கள். முற்றத்தில் சமுக்காளம் விரித்து பெஞ்சு, இரும்பு பீரோ, தண்ணீர் டிரம், உலக உருண்டை, வெண்கல மணி, ஒரு பெட்டி கதைப் புத்தகம், எல்லாவற்றின்மேலும் கொடுத்தவர் பேர் எழுதிய சீட்டு. பெண்கள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். “நம்ம மக கல்யாணத்துக்குக் கூட இம்புட்டு வரலை” என்றது ஒரு குரல். “நம்ம மக கறுப்பு. பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிச்சிருக்காகள்ல” என்றது இன்னொன்று.

ஒன்றியத்துக் கல்வி அலுவலர் வந்திருந்தார். என் காலை வகுப்பைப் பற்றி யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். “உங்க பிள்ளைங்க நல்லா வாசிப்பாங்களாமே?” என்று கேட்டார்.

“எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் வாசிப்பாங்க சார்” என்றேன்.

சில பிள்ளைகள் வாசிப்பார்கள், சில பிள்ளைகள் எழுத்துக்கூட்டுகிறார்கள் என்பதுதான் உண்மை. தலைமையாசிரியர் பக்கத்தில் நின்றதால் அது என் வாயில் வரவில்லை.

“அப்ப இன்னைக்கு வந்த புதுப் புத்தகத்துலேயே பார்த்துடலாம்” என்றார் அலுவலர். பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துத் தலைமையாசிரியரிடம் தந்தார். அவர் கூட்டத்தைப் பார்த்தார். பழக்கம்தான், அவளைத்தான் கூப்பிட்டார்.

அவள் மேடைக்கு வந்தாள். அந்த ஊரே எதிரில் உட்கார்ந்திருந்தது. புத்தகத்தைத் திறந்தாள். உதடு அசைந்தது. முதல் சொல்லைக் கூட்டுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்தால் வந்துவிடும். முன்வரிசையில் யாரோ இருமினார்கள். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை நெஞ்சுக்கு நேராகத் தூக்கி, கணீரென்று ஏரிப் பாடத்தைச் சொல்ல ஆரம்பித்தாள்.

முழுவதும் சொன்னாள். பாதியில் பக்கமும் திருப்பினாள். அலுவலர் அப்போது பீரோ வாங்கித் தந்த பெரிய வீட்டு அப்பச்சியிடம் குனிந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் பாதிப்பேர் படிக்காதவர்கள். மற்றவர்கள் கையில் அந்தப் புத்தகம் இல்லை. முடித்ததும் ஒரே கைதட்டல். தலைமையாசிரியர் தரையைப் பார்த்தபடி தட்டினார். நானும் தட்டினேன்.

விழா முடிந்ததும் அவளுடைய அம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு என்னிடம் வந்தார். சிமெண்டு அரித்த விரல்கள். “எம்புள்ள எங்கனயும் நிக்காம வாசிச்சுச்சே டீச்சர்! அங்குட்டு உக்காந்திருந்த பெரிய வீட்டு ஆச்சி கேக்குறாக, இது யாரு வீட்டுப் புள்ளைன்னு. எங்க வீட்டுப் புள்ளைதான்னேன்.” பழத்தை வாங்கிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து அவள் காலை வகுப்புக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வராந்தாவில் நிறுத்திக் கேட்டேன்.

“எனக்கு வாசிக்கத் தெரியும்னு எல்லாரும் சொல்லிட்டாகளே டீச்சர்.”

“ஒனக்கும் எனக்கும் தெரியும்ல?”

“நீங்களும் கை தட்டுனீகள்ல” என்றாள். குரலில் எதிர்ப்பு எதுவும் இல்லை. ஒரு விவரத்தைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வகுப்புக்குள் போய்விட்டாள். அவளைப் பார்த்து இன்னும் மூன்று பேர் காலை வகுப்புக்கு வராமல் நின்றுவிட்டார்கள்.

அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. எங்கள் பள்ளி வாசிப்பில் முன்மாதிரிப் பள்ளியாம். மாசி முதல் தேதியிலிருந்து தேர்வு முடியும்வரை நான் ஒன்றியத்தின் மற்றப் பள்ளிகளுக்குப் போய் ஆசிரியர்களுக்கு என் முறையைப் பயிற்றுவிக்க வேண்டும். எனக்குப் பதிலாக வேறு ஆள் கிடையாது. உத்தரவில் என் பேர் தட்டச்சில் இருந்தது. உண்மையைச் சொன்னால், முதலில் எனக்குச் சந்தோஷம்தான். அப்பா அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய், வாசிக்கத் தெரிந்த ஒவ்வொருவரிடமும் காட்டினார். அவர் திரும்பி வருவதற்குள் எனக்குச் சந்தோஷம் தீர்ந்துவிட்டது. தலைமையாசிரியர் ஒருவரே ஐந்து வகுப்பையும் பார்த்தால் கூட்டமாகக் கத்துவதைத் தவிர வேறு வழியில்லை. அவள் ஏப்ரலில் தேர்ச்சி பெறுவாள். ஜூனில் பஸ் ஏறுவாள். தீபாவளிக்குள் அம்மாவோடு கல் சுமப்பாள்.

“போய்ட்டு வாங்கம்மா. நல்ல பேரு வரும்” என்றார் தலைமையாசிரியர்.

“எதுக்கு சார் நல்ல பேரு? அன்னைக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும். நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லலை. நானும் மொத வருசம் சொல்லலை. அதுக்கப்புறம் சொல்றதுக்கு இடமே வரலை.” கேலி செய்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை. அவர் அந்தப் புது பீரோவின் சாவியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அவளுடைய வீட்டுக்குப் போனேன். அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அவள் உள்ளே இருந்தாள், கேட்கும் தூரத்தில்தான். சொல்லிவிட்டேன். விழாவில் அவள் வாசிக்கவில்லை, மனப்பாடமாகச் சொன்னாள் என்றேன்.

“புத்தகத்தைப் பாத்துத்தான சொல்லுச்சு?”

“கையில இருந்தது வேற புத்தகம்க்கா.”

அவர் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரமாயிற்று. “அப்ப அஞ்சு வருசமா என்னத்தச் சொல்லிக் குடுத்தீக?”

நான் வந்து ஏழு மாதம்தான் ஆகிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“எழுத்தெல்லாம் தெரியுதுக்கா. கூட்டி வாசிக்குது. ஏப்ரல் வரைக்கும் காலையில எட்டு மணிக்கு அனுப்புங்க, தானா வாசிக்கும்.”

“இல்லைன்னா?”

“இல்லைன்னா ஆறாவதுல தாக்குப் பிடிக்காது.”

“நிப்பாட்டுறதுன்னா இப்பவே நிப்பாட்டிரலாம்ல. பஸ்ஸுக்குக் குடுக்குறதாவது மிஞ்சும்.” உள்ளே ஒரு பாத்திரம் நகர்ந்தது. அவர் குரலைத் தாழ்த்தினார். “எதுக்கு டீச்சர் எங்கிட்ட வந்து சொன்னீக? தெரியாமலே சந்தோசமா இருந்திருப்பேன்ல. ஆச்சியெல்லாம் கேட்டாக.”

தலைமையாசிரியர் சொன்னதுதான் நடக்கப் போகிறதோ என்று பயந்தேன். அனுப்புவதாகவும் அவர் சொல்லவில்லை, அனுப்பமாட்டேன் என்றும் சொல்லவில்லை. “நீங்கதான் இருக்க மாட்டீகளாமே. உங்கள வேற எங்கிட்டோ அனுப்புறாகன்னு பேச்சு” என்றார் கடைசியில்.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு ஒன்றிய அலுவலகத்துக்குப் போனேன். மனுவை முந்தின நாளே எழுதியிருந்தேன். பயிற்சிப் பணிக்குப் போக விருப்பமில்லை, எங்கள் பள்ளி முன்மாதிரிப் பள்ளி அல்ல, விழாவில் மாணவி கையிலிருந்த புத்தகத்தை வாசிக்கவில்லை, அது தெரிந்தும் நான் கைதட்டினேன் என்று எழுதியிருந்தேன். தலைமையாசிரியரைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. ஒன்பது பிள்ளைகளுக்கும் எந்த எழுத்து வரை வரும், எது வராது என்பதைத் தனித்தாளில் இணைத்திருந்தேன்.

அலுவலர் வெளியூர் போயிருந்தார். எழுத்தர் மனுவை வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“என்னம்மா, ஒங்க மேல நீங்களே புகார் எழுதிக்கிட்டு வந்திருக்கீக? மெமோ வரும், தெரியுமா?”

“தெரியும் சார்.”

“எடுத்துட்டுப் போய் நாலு நாள் யோசிங்க.”

யோசித்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன். நகலில் தேதி போட்டு முத்திரை குத்தித் தரும்வரை மேசை முன்னாலேயே நின்று, வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.