மழை லீவில் கடல் பார்க்கப் போனோம்

மழை விழுந்தால் எங்களுக்கு லீவு. ரப்பர் மரம் நனைந்துவிட்டால் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் சிரட்டைக்குள் இறங்காமல் மரத்தோடு வழிந்து வீணாகிவிடும். யட்டியாந்தோட்டைப் பக்கம் பால் வெட்டுகிற எவளைக் கேட்டாலும் பெண் பார்க்கப் போவது, கிளினிக்குக்குப் போவது, சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது எல்லாவற்றையும் மழைக்கென்று ஒதுக்கி வைத்திருப்பாள். அப்படித்தான் டிவியில் அஞ்சு நாள் அடைமழை என்று சொன்னதும் நானும் தங்கச்சியும் கடல் பார்க்கப் புறப்பட்டோம். இங்கே மழை என்றால் அங்கேயும் மழைதானே என்று இரண்டு பேரில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை. இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

போனது சும்மா ஊர் சுற்ற அல்ல. தங்கச்சி இன்னும் பத்து நாளில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக இருந்தாள், இரண்டு வருஷத்துக்கு. அவள் புருஷன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறவர், மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் உண்டு. அஞ்சு வயது மகள் என்னிடம் வளர வேண்டும் என்று முடிவாகிவிட்டது. தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எனக்கும் தங்கச்சிக்கும் அடுத்தடுத்த காம்பராதான், ஆளுக்கு ஒரே அறை, நடுவில் ஒரு சுவர். ஆனால் அந்தப் பிள்ளை தாய் பக்கத்தில் படுக்காமல் ஒரு நாள் தூங்கியதில்லை. தாய் கையால் அல்லாமல் ஒரு வாய் தின்றதில்லை.

"வீட்டுல வச்சுப் பழக்க முடியாதுடி. புது எடத்துக்குக் கூட்டிட்டுப் போயி ரெண்டு நாள் எங்கூட படுக்க வச்சா பழகிக்கும்" என்று சொன்னது நான்தான். பால் மறக்கடிக்க வேப்பெண்ணெய் தடவுகிற மாதிரி ஒரு யோசனை. பிள்ளை எதற்கு வந்தாலும் "பெரியம்மாகிட்ட போ" என்று மட்டும் சொல்ல வேண்டும், குவைத் பேச்சையே எடுக்கக் கூடாது என்று தங்கச்சிக்குச் சொல்லி வைத்தேன். அவள் தலையை ஆட்டினாள். அழுகிற மாதிரி ஆட்டினாள். நான் கண்டுகொள்ளவில்லை.

தெற்குக் கரையில் ஒரு ஊர். தங்கச்சிதான் போனில் பார்த்து இடம் பிடித்தாள். ஹாஸ்டல் என்று போட்டிருந்ததால் நான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தங்குகிற இடம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். பார்த்தால் ஊர் சுற்ற வருகிறவர்கள் கட்டிலுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துத் தங்குகிற இடம். போனில் இருந்த படத்தில் ஜன்னலுக்கு வெளியே நீலக் கடல். மூன்று பஸ் மாறி, முழங்கால் வரை நனைந்து போய்ச் சேர்ந்தால் ஜன்னலுக்கு வெளியே பக்கத்து ஹோட்டலின் மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் கடல் இருக்கிறதாம். சத்தம் கேட்கிறதுதானே என்றான் ஹாஸ்டல்காரன்.

அவன் முப்பது வயது இருக்கிற சிங்களப் பையன், அரைக் காற்சட்டையும் கொண்டையுமாக நின்றான். எங்களைப் பார்த்ததும் இங்கிலீஷில் இந்தியாவா என்று கேட்டான். "இல்ல மல்லி, கேகாலைப் பக்கம்" என்று சிங்களத்தில் சொன்னேன். தம்பிக்கு அவர்கள் சொல்கிற வார்த்தை மல்லி. அதற்குப் பிறகும் அவன் இங்கிலீஷையே பேசிக்கொண்டிருந்தான். இடையில் ஒரு தடவை மட்டும், எங்கள் சிங்களம் நன்றாக இருக்கிறது என்று பாராட்டினான். பிறந்ததிலிருந்து சிங்களக் கடையில் சீனி வாங்கி, சிங்களக் கண்டக்டரோடு சண்டை போட்டு வளர்ந்தவளுக்கு இது ஒரு சர்டிபிகேட். எரிச்சலை விழுங்கிக்கொண்டு கால் கழுவினேன், ஏனென்றால் கால் கழுவாமல் உள்ளே வரக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது.

எழுதாத சுவர் அங்கே இல்லை. அறையில் சாப்பிடக் கூடாது. ஈரத் துணி காயப்போடக் கூடாது. ஒரு கட்டிலில் ஒரு ஆள்தான், சின்னப் பிள்ளைக்கு மட்டும் விதிவிலக்கு. கட்டில் என்றால் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிய இரும்புக் கட்டில். எதிர்க் கட்டிலில் ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு புத்தகமும் கையுமாகப் படுத்திருந்தாள். நான் தங்கச்சியை மேல் கட்டிலுக்கு ஏற்றிவிட்டு, பிள்ளையோடு கீழ்க் கட்டிலைப் பிடித்தேன். ஏணி இருக்கிறது, பிள்ளைக்கு ஏறத் தெரியாது. என் திட்டத்துக்கென்றே செய்த கட்டில் என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டேன்.

வீட்டிலிருந்து தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டிக்கொண்டு போயிருந்தோம். அறையில் தின்னக் கூடாதே. நடைபாதையில் சாரல் அடிக்கிற இடத்தில் உட்கார்ந்து நான் பிய்த்து ஊட்டினால் பிள்ளை வாயைத் திறக்கவில்லை. தாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பெரியம்மாகிட்ட வாங்கிக்கம்மா" என்றாள் தங்கச்சி.

"ஒங்களுக்குக் கை வலிக்குதாம்மா?" என்று கேட்டது பிள்ளை. தங்கச்சி எழுந்து கை கழுவுகிற பக்கம் போய்விட்டாள். கடைசியில் பிள்ளை தானாகவே ஒரு ரொட்டியைப் பிடித்துச் சம்பல் இல்லாமல் தின்றது.

அன்று பொழுது சாய்ந்து படுக்க வைத்ததும் தொடங்கியது அழுகை. கத்தி அழவில்லை. "அம்மா, அம்மா" என்று மேல் கட்டிலின் பலகையைக் காலால் தட்டித் தட்டி அழுதது. மேலே சத்தமே இல்லை. அந்த வெள்ளைக்காரப் பொண்ணு காதில் எதையோ செருகிக்கொண்டாள், பிறகு எழுந்து வெளியே போனாள். ஹாஸ்டல்காரன் வந்து கதவைத் தட்டினான். இப்போது சிங்களம் சரளமாக வந்தது அவனுக்கு: மற்றவர்களும் காசு கொடுத்துத்தான் தங்குகிறார்கள், பிள்ளையைத் தாயிடம் கொடுத்தால் என்ன? வந்த கோபத்துக்கு அளவே இல்லை. உன் வேலையைப் பார் மல்லி என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அவன் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை என்பதுதான் இன்னும் கோபம்.

காலையில் நாலரைக்கே எங்களுக்கு விழிப்பு வந்துவிட்டது, பால் வெட்டப் போகிற நேரம் அது. வெளியே போகலாமென்றால் வாசல் கதவு பூட்டியிருந்தது. ஏழு மணி வரை மூன்று பேரும் செருப்பு ராக்கைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தோம். கதவு திறந்து, மதிலைச் சுற்றிக் கடற்கரைக்குப் போனால் சிவப்புக் கொடி. காலை நனைக்கப் போன எங்களைப் பார்த்துக் காவல்காரன் விசில் ஊதினான். மழைக்காலத்தில் இந்தப் பக்கக் கடல் மூர்க்கமாம், வருகிறவர்கள் எல்லாம் கிழக்குக் கரைக்குப் போய்விடுவார்களாம். அதனால்தான் இடம் அவ்வளவு லேசில் கிடைத்திருக்கிறது. ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க.

பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பெரியம்மா, இது நம்ம கங்கை மாதிரியே கலங்கிப் போயில்ல இருக்கு" என்றது. எங்கள் ஊர் ஆற்றை நாங்கள் கங்கை என்றுதான் சொல்வோம். இரண்டு நாளில் அது என்னிடம் பேசிய முதல் பேச்சு. கடல் ஏமாற்றினாலும் பிள்ளை வழிக்கு வருகிறது என்று நினைத்தேன். திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டும் வந்தது. தங்கச்சி குடையோடு பின்னால் வந்தாள். குடையை யாருக்கும் பிடிக்காமல், தனக்கும் சரியாகப் பிடிக்காமல், ஒரு தோள் நனைய நனைய வந்தாள்.

மத்தியானம் மழை வலுத்தது. வெள்ளைக்காரப் பொண்ணு பையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள், அறையில் நாங்கள் மட்டும். "நல்லா பழகிருச்சு, பாரு" என்று தங்கச்சியிடம் சொன்னேன். "ம்" என்று மேலே ஏறிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பிள்ளை அழாமல் என் பக்கத்தில் வந்து படுத்தது. பலகையை உதைக்கவில்லை. நான் தட்டிக் கொடுக்கத் தட்டிக் கொடுக்கக் கண்ணை மூடிக்கொண்டது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்புக்கு எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளை என் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்தது.

"பெரியம்மா, அம்மா பிளேன்ல போனதுக்கப்புறம் நான் தெனமும் ஒங்ககூடதான் தூங்குவேன். அழ மாட்டேன். ரொட்டி ஊட்டுனா வாங்கிக்குவேன். இப்ப மட்டும் அம்மாகிட்ட போகட்டுமா?"

எட்டடிக் காம்பராவில் மூன்று மாதமாக ஏஜென்சி, பாஸ்போர்ட், மெடிக்கல் என்று குசுகுசுவென்று பேசியிருக்கிறோம். பிள்ளை தூங்குகிறது என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். அதுவும் தூங்குகிற மாதிரியே கிடந்திருக்கிறது. மீதி இருந்ததே பத்து நாள். அதில் இரண்டு நாளை நான் பிடுங்கி, பழக்கம் என்று பெயர் வைத்து வீணாக்கியிருக்கிறேன். பழக வேண்டிய பிள்ளை என்றைக்கோ பழகிக்கொண்டுவிட்டது. எனக்கு என் மேல் வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கட்டிலையே பெயர்த்துப் போடலாம் போலிருந்தது.

எழுந்து பிள்ளையைத் தூக்கி மேல் கட்டிலில் வைத்தேன். அது முழங்காலால் ஊர்ந்து போய்த் தாயின் முதுகைத் தொட்டது.

தங்கச்சி திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே, நான் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னாள்.

"பெரியம்மாகிட்ட போம்மா."

"பெரியம்மாதாம்மா தூக்கிவிட்டாங்க" என்றது பிள்ளை.

"நகந்து படுடி" என்றேன் நான். "பிள்ளைக்கு எடம் குடு."