சோழன் தோப்பில் அன்னாசி

இந்த வாரம் இப்பத்தியில் என் மறுப்பு வெளிவரும் என்று என் சம்பந்தி கடைத்தெரு முழுவதும் சொல்லிவைத்திருக்கிறார். அதை எதிர்பார்த்துப் பத்திரிகையைப் பிரித்த அன்பர்கள் மன்னிக்கவேண்டும். மறுப்பு இல்லை.

நடந்தது இதுதான். அரியாங்குப்பம் ஆற்றுக்கு அப்பால் ஒரு கோயில், பெயர் வேண்டாம். தேர்த்திருவிழாவில் முதல் தாம்பூலம் யாருக்கு என்று இரண்டு பெரிய வீட்டாருக்குள் வழக்கு. அதில் ஒன்று, என் மகளைக் கொடுத்திருக்கும் வீடு.

சென்ற ஞாயிறு கோயில் மண்டபத்தில் ஊர் கூடிற்று. சம்பந்தி தம் வீட்டுத் தலபுராண ஏட்டைப் பட்டில் சுற்றிக் கொண்டுவந்தார். சோழ மன்னன் கோயிலைக் கட்டியபோது அவருடைய முன்னோருக்கே முதல் தாம்பூலம் தந்தான் என்று அதில் ஒரு பாட்டு. பாடிய புலவர் அதைக் கண்ணாரக் கண்டவராம்! ஏட்டைப் படித்து, ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது என்று நான் சபையில் சொல்லவேண்டும். பிரெஞ்சுக்காரர் கலேஜில் சரித்திரம் பயின்றவன்; என் சொல்லுக்கு ஊரில் மதிப்பு உண்டு. அதற்காகத்தானே அழைத்தார்கள்?

படித்தேன். மன்னன் வைத்த தோப்பை வருணிக்கும் இடத்தில் நின்றுவிட்டேன். மா, பலா, வாழை... அடுத்து, அன்னாசி.

அன்னாசி பறங்கியர் கப்பலில் வந்த பழம். அவர்கள் நம் கடலுக்கு வந்து நானூறு ஆண்டுகளும் சில்லறையுமே ஆகின்றன. சோழன் அதை நட்டிருக்க முடியாது. நட்டதைக் கண்டேன் என்றவர் சோழனைக் கண்டிருக்கவும் முடியாது. அப்படியே சொன்னேன்.

"அந்த ஒரு பாட்ட மட்டும் பின்னால எவனாவது சொருகியிருப்பான், சம்பந்தி" என்றார் அவர்.

"இருக்கலாம். தாம்பூலப் பாட்டையும் அவனே சொருகவில்லை என்று எப்படி அறிவது?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

எதிர்க்கட்சிக்காரர் என்னைக் காட்டித் துள்ளி எழுந்தார். "முசே சொல்ட்டாரு இல்ல? புராணம் பூரா புளுகு. தூக்கி ஆத்துல போடுங்க."

"உட்காருங்கள். நான் அப்படிச் சொல்லவில்லை" என்றேன். புலவர் சோழனைக் கேள்விப்பட்டுப் பாடினார். தம் காலத்து ஊரைக் கண்டு பாடினார். கேட்டது பொய்த்தால் கண்டதையும் எறிவதா? தேரில் முதல் வடம் பிடிப்பவர் கடலோரக் குப்பத்தார் என்று அதே ஏட்டில் ஒரு பாட்டு இருக்கிறது. பொன் கொடுத்துத் தம்மைப் பாடச் சொல்லும் நிலையில் குப்பத்தார் என்றும் இருந்ததில்லை. ஆகவே அந்தப் பாட்டை நான் நம்புகிறேன். இன்று அவர்களுக்கு வடத்தின் கடைசியில்தான் இடம். அந்தப் பாட்டையும் உரக்கப் படித்தேன்.

"அத்த இன்னாத்துக்கு இப்ப படிக்கிறீங்க?" என்று இரு பக்கத்திலிருந்தும் குரல் வந்தது. இரு கட்சியாரும் அன்று ஒத்துப்போனது அந்த ஒரு கேள்வியில்தான்.

வாசலில் சம்பந்தி என்னை மறித்தார். "பொண்ணு இனிமே உங்க வூட்டு வாசப்படி மிதிக்கணும்னா, தப்பா படிச்சிட்டேன்னு பேப்பர்ல ஒரு வரி எழுதிடுங்க."

ஒரு வரிதானே என்று நண்பர்களும் சொன்னார்கள். மகளைப் பிணை வைத்தால் பாட்டுக்கு வயது கூடிவிடுமா?

பழைய ஏடு கூண்டில் ஏறிய சாட்சி. அதைக் கும்பிடுகிறவனுக்கும் உண்மை கிடைக்காது, அடிக்கிறவனுக்கும் கிடைக்காது. கேள்வி கேட்கவேண்டும், விடை நமக்கு எதிராக வந்தாலும் பதிவு செய்யவேண்டும். நான் படித்தது சரி. மீண்டும் அழைத்தால் மீண்டும் அதையே படிப்பேன் – குப்பத்தார் பாட்டையும் சேர்த்து.

நேற்று மாலை ஆற்றுக்கு அப்பாலிருந்து ஒரு கூடை வந்தது. மகள் அனுப்பியது. சொல்லி அனுப்பிய செய்தி ஏதும் இல்லை. உள்ளே ஓர் அன்னாசி.

அறுத்துத் தின்றுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.