மல்லசமுத்திரம் பஸ்ஸில் அல்ஜீரியப் போர்

இந்த சினிமாக் குழுவில் மற்றவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டுப் போகிறவள் நான். இன்று எழுதுவதற்கு மன்னிக்கவும்.

பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்து அல்ஜீரியர்கள் நடத்திய விடுதலைப் போர் பற்றிய படத்தை பஸ்ஸில், போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட் அக்கா எட்டிப் பார்த்தார். ஓர் இயர்போனை அவருக்குக் கொடுத்தேன்.

போராளிகளுக்கான மருந்தைக் கூடையிலுள்ள கீரைக்கட்டுக்குள் மறைத்துக்கொண்டு, ராணுவச் சோதனைச் சாவடியில் ஒரு பெண் நிற்கிறாள். அந்த நேரம் பார்த்து மல்லசமுத்திரம் வந்துவிட்டது.

“ஏனுங்கக்கா, எறங்கலீங்களா?” என்றார் கண்டக்டர்.

“இந்தப் புள்ள தப்பிச்சுப் போறதப் பாத்துட்டு அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கிறனுங்க.”

“வெயில்ல திரும்பி நடக்கோணுமுங்க.”

“அவ நடக்குறா, நான் நடக்க மாட்டனா?”

சிப்பாய் கூடையில் கைவைத்ததும் அக்கா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். நான் பரீட்சைக்காகப் படித்த போர் அது. இன்றுதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அந்தப் பெண் சாவடியைக் கடந்த பிறகே அக்கா இறங்கினார். ஜன்னலோரம் வந்து கேட்டார்: “கடைசில நாடு கெடச்சுதா சாமி அவிங்களுக்கு?”

“கெடச்சுருச்சுங்க.”

“அப்பச் செரி. நாளைக்கும் இதே பஸ்ஸுலதான் வாரேன். மீதியப் பாத்துக்கலாம்.”

படத்தின் கீழே ஓடும் ஆங்கில எழுத்து அவருக்கு உதவாது. தமிழ் பேசும் பதிப்பு யாரிடமாவது இருந்தால் இன்றைக்குள் சொல்லுங்கள். இல்லையென்றால், நாளை அத்தனை பேர் முன்னாலும் நான்தான் வசனம் பேச வேண்டும்.